கூரை என்னும் கடன்

நிலையில்லாத ஒன்றைக் காப்பதற்கு மனிதன் எவ்வளவு செலவிடலாம் என்ற கேள்வியைச் சமயங்கள் பலவும் உடலையும் செல்வத்தையும் புகழையும் முன்வைத்தே ஆராய்ந்து வந்துள்ளன. வீட்டுக் கூரையை முன்வைத்து அதே கேள்வியைக் கேட்டால் அது இன்னும் கூர்மை பெறுகிறது. ஏனெனில் அடித்தளமும் தூணும் தலைமுறைகளைத் தாண்டி நிற்கும்போது, வெயிலையும் மழையையும் பனியையும் தன்மேல் வாங்கும் கூரைதான் முதலில் மக்குகிறது. பனி கனத்துப் பெய்யும் மலைநாட்டில் அதை மாற்றுவதற்கு ஆகும் செலவு ஒரு குடும்பத்தின் நெடுநாள் சேமிப்பை விழுங்கிவிடுவதோடு, சில பத்தாண்டுகளில் அதே செலவு மறுபடியும் வாசலில் வந்து நிற்கிறது. தோன்றியவை யாவும் அழியும் என்பதை முதற்பாடமாகக் கற்பிக்கும் பௌத்தத்தைக் கைக்கொண்ட மக்கள், பனி மிகுந்த பள்ளத்தாக்கு ஒன்றில் பல நூற்றாண்டுகளாகப் புல்லால் வேய்ந்த பெருங்கூரைகளைப் பிரித்துப் பிரித்து மீண்டும் வேய்ந்து வந்திருக்கிறார்கள் என்பது, மேற்கண்ட கேள்விக்கு ஏட்டில் காணக் கிடைக்காத விடை ஒன்று உண்டு என்பதைக் காட்டுகிறது.

ஏட்டு விடைகளை முதலில் பார்க்கலாம். பாலி மொழியில் அமைந்த தொன்மையான பௌத்தத் தொகுப்புகளுள் ஒன்றான சுத்தநிபாதத்தில், தனியன் என்ற மாட்டு மந்தைக்காரனுக்கும் புத்தருக்கும் இடையே நடந்த உரையாடல் இடம்பெறுகிறது. தன் குடிசை நன்கு வேயப்பட்டிருக்கிறது, அடுப்பில் தீ எரிகிறது, ஆகவே வானம் விரும்பினால் பெய்யட்டும் என்ற மனநிறைவோடு தனியன் பேச, தமது குடில் திறந்து கிடக்கிறது, தீ அணைந்துவிட்டது, ஆகவே வானம் விரும்பினால் பெய்யட்டும் என்ற பொருளில் புத்தர் மறுமொழி கூறுகிறார். அங்கே குடில் என்பது உடலையும், தீ என்பது ஆசையையும் குறிப்பதால், கூரையின் தேவையையே கடந்துவிட்ட ஒருவரின் நிலை அது. துறவிக்கு அந்த விடை போதும். பச்சைக் குழந்தையையும் வயது முதிர்ந்த தாயையும் வைத்துக்கொண்டு பனிக்காலத்தைக் கடக்க வேண்டிய இல்லறத்தானுக்கு அது போதாது. இல்லறத்தானை இழித்துப் பேசும் நோக்கம் அந்த உரையாடலுக்கு இருந்ததாகவும் கொள்ள வேண்டியதில்லை.

துறவிகளுக்கும் கூரை தேவைப்பட்டது என்பதைச் சங்க ஒழுக்க விதிகளின் தொகுப்பான விநயபிடகம் மறைக்காமல் சொல்கிறது. சன்னர் என்ற பிக்கு தமக்குக் கிடைத்த விகாரத்தின்மேல் அடுக்குக்கு மேல் அடுக்காகக் கூரை வேயச் செய்ததால் கட்டடம் பாரம் தாங்காமல் சரிந்தது என்றும், பிறகு புல்லும் மரமும் சேகரிக்கப் போனபோது அந்தணர் ஒருவரின் வாற்கோதுமை வயல் பாழானது என்றும், அதன் விளைவாகவே கூரை இரண்டு மூன்று அடுக்குகளுக்கு மேல் போகக் கூடாது என்ற விதி பிறந்தது என்றும் அந்நூல் விவரிக்கிறது. சட்ட விளக்கம் போலத் தோன்றும் இந்தச் செய்தியில் ஆழமான ஒரு கவனிப்பு உள்ளது. கூரையின் விலை அதன் கீழ்ப் படுப்பவரோடு நின்றுவிடுவதில்லை. யாருடைய வயலிலிருந்தோ, யாருடைய முதுகிலிருந்தோ அது எடுக்கப்படுகிறது.

மஜ்ஜிம நிகாயம் என்ற தொகுப்பின் 81ஆம் சூத்திரம் இதே கவனிப்பைத் தலைகீழாக்கிக் காட்டுகிறது. கௌதம புத்தருக்கு முன் தோன்றியவராகக் கருதப்படும் காசியப புத்தரின் குடில் மழைக்காலத்தில் ஒழுகியபோது, புல் கிடைக்குமா என்று பார்த்துவரக் கடிகாரர் என்ற குயவரின் இல்லத்துக்குப் பிக்குகளை அவர் அனுப்புகிறார். புல் வேறு இல்லை, குயவரின் பட்டறைமேல் வேய்ந்திருப்பதுதான் உண்டு என்று அவர்கள் திரும்பி வந்து சொல்ல, அதையே பிரித்து எடுத்துவரும்படி கூறுகிறார். வீட்டில் இருந்த பார்வையற்ற முதிய பெற்றோர் காரணத்தைக் கேட்டறிந்து மனமாரச் சம்மதிக்கிறார்கள். பின்னர் வீடு திரும்பிய குயவரும் தம்மிடம் இவ்வளவு நம்பிக்கை வைக்கப்பட்டதே என்று பூரிக்கிறார். மூன்று மாதங்கள் வானமே கூரையாக நின்ற அந்தக் கட்டடத்துக்குள் மழை விழவில்லை என்று சூத்திரம் முடிவுரைக்கிறது. மழை விழாத அற்புதத்தை ஒதுக்கி வைத்துப் பார்த்தாலும், கேளாமலேயே கூரையைப் பிரிக்கலாம் என்ற அளவுக்கு ஒருவரையொருவர் நம்பிய உறவு ஒன்று இங்கே இருக்கிறது. கேட்காமல் எடுத்தது சரியா என்று இன்றைய வாசகர் உறுத்தல் கொள்வது நியாயமே. ஆயினும் வாற்கோதுமை வயலுக்கும் குயவரின் பட்டறைக்கும் உள்ள வேறுபாடு எடுத்த பொருளில் இல்லை, கொடுத்தவரின் மனத்தில்தான் இருக்கிறது.

ஜப்பானில் இந்தக் கேள்வியைத் தம் வாழ்வாலேயே ஆராய்ந்தவர் கமோ நோ சோமெய். 1212இல் அவர் எழுதிய ஹோஜோகி என்ற சிறு நூல், 1177இல் தலைநகர் கியோத்தோவை எரித்த தீயையும், 1180இன் சூறைக்காற்றையும், அதையடுத்த பஞ்சத்தையும், 1185இன் நிலநடுக்கத்தையும் கண்ட ஒருவர், வீடு கட்டுவதில் மனிதர் காட்டும் முனைப்பை வீண் என்று உணர்ந்து ஒதுங்கிய வரலாறு. வயது ஏற ஏற அவருடைய வீடு சுருங்கிக்கொண்டே போய், கடைசியில் பத்தடிச் சதுரக் குடிலாகி, வேண்டுமானால் இரண்டு வண்டிகளில் ஏற்றி வேறிடம் கொண்டுபோகக் கூடியதாக நின்றது. செலவைக் குறைக்கும் வழிகளில் இது உச்சம். ஆனால் நேர்மை மிக்க அந்த ஆசிரியர், இந்தச் சிறு குடிலை நேசிப்பதும் பற்றுதானோ என்று நூலின் இறுதியில் தம்மையே கேட்டுக்கொண்டு விடை காணாமல் நிற்கிறார். கூரையைச் சிறிதாக்கினால் பற்றும் சிறிதாகும் என்ற கணக்கு அவருக்கே சரிவரவில்லை.

கூரையைச் சுருக்காமல் பெரிதாக்கி, அதன் சுமையைப் பகிர்ந்துகொண்ட வேறொரு வழி, ஹாகு மலையின் அடிவாரத்தில் ஷோ ஆறு ஓடும் பள்ளத்தாக்கில் உருவாயிற்று. இன்றைய கிஃபு மாநிலத்தைச் சேர்ந்த ஷிரகவா-கோ, அதன் வடக்கே தொயாமா மாநிலத்தைச் சேர்ந்த கோகயாமா ஆகிய இவ்விரு பகுதிகளின் ஓகிமாச்சி, ஐனோகுரா, சுகனுமா என்ற மூன்று ஊர்களை 1995இல் யுனெஸ்கோ உலக மரபிடமாக அறிவித்தது. பனிக்காலத்தில் ஆள் உயரத்தைக் கடந்து பனி குவியும் இந்நிலத்தில் நெல் விளையும் பரப்பு குறைவாதலால், மக்கள் பட்டுப்புழு வளர்த்தார்கள். வீட்டுத் தரைக்கடியில் மண்ணையும் செடிகொடிகளையும் கழிவுகளையும் மக்கவைத்து வெடியுப்பு எடுத்தார்கள். பட்டுப்புழுத் தட்டுகளை அடுக்க இரண்டு மூன்று தளப் பரண் தேவைப்பட்டது, பனி சறுக்கி விழச் செங்குத்தான சரிவு தேவைப்பட்டது; இரண்டும் சேர்ந்து, கூப்பிய கைகளைப் போல ஏறத்தாழ 60 பாகைச் சரிவில் உயர்ந்து நிற்கும் ‘கஷ்ஷோ’ கூரையைத் தந்தன. 1935இல் இங்கு வந்த ஜெர்மானியக் கட்டடக் கலைஞர் புருனோ தவுட் இவ்வீடுகளின் அமைப்பில் இருந்த அறிவார்ந்த ஒழுங்கை வியந்து எழுதிய பிறகே வெளியுலகம் இவற்றைக் கவனித்தது.

கூரையின் கட்டுமானத்தை அருகிலிருந்து பார்த்தால் அதன் தத்துவமும் புலப்படும். வீட்டின் கீழ்ப்பகுதியாகிய தூண்களையும் விட்டங்களையும் தொழில்முறைத் தச்சர்கள் இழைத்துப் பொருத்தினார்கள். விட்டத்துக்கு மேலே தொடங்கும் கூரைச் சட்டத்தையும் வேய்ச்சலையும் ஊரார் தாங்களே செய்தார்கள். பெரிய கைமரங்களின் அடிநுனி கூராகச் செதுக்கப்பட்டு விட்டத்தின் முனையிலுள்ள குழியில் வெறுமனே ஊன்றி நிற்கிறது; மேற்பகுதியில் ஆணி அடிப்பதில்லை, வைக்கோல் கயிற்றாலும், முறுக்கிப் பதப்படுத்திய இளமரக் கொம்புகளாலும் கட்டுகிறார்கள். காற்று தள்ளும்போதும் பனி அழுத்தும்போதும் கூரை சற்றே அசைந்து கொடுத்து மீள்வதற்கு இந்தத் தளர்ச்சியே காரணம். நீடித்து நிற்கும் பகுதியைக் கூலிக்குச் செய்பவரிடமும், அழியப்போகும் பகுதியைச் சொந்த ஊராரிடமும் ஒப்படைத்த இந்தப் பிரிவினை, திட்டமிட்டு வகுக்கப்பட்டதோ தற்செயலாக அமைந்ததோ, மிகுந்த பொருளுடையது.

வேய்ச்சலுக்கு உரிய புல் சுசுக்கி, கரியாசு என்னும் உயரமான நாணல் போன்ற இனங்கள். இதற்கென்றே விடப்பட்ட மலைச்சரிவுப் புல்வெளிகளில் இலையுதிர்காலத்தின் கடைசியில் அறுத்து, கட்டுக்கட்டாகக் காயவைத்து, ஒரு கூரைக்கு வேண்டிய அளவு சேரும்வரை சேமிப்பார்கள். வேயும் நாளில் பழைய புல்லைப் பிரித்து இறக்குவோர், கட்டுகளை மேலேற்றுவோர், கயிறு திரிப்போர், சமைப்போர் என்று நூறு இருநூறு பேர் திரண்டு, கூரையின் ஒரு சரிவை ஓரிரு நாளில் முடித்துவிடுவார்கள். புல்லை வரிச்சோடு இறுக்குவதற்கு, கயிறு கோத்த நீண்ட ஊசியை வெளியே நிற்பவர் புல்லுக்குள் செருக, பரணின் இருட்டில் நிற்பவர் அதை வாங்கிக் கட்டையைச் சுற்றித் திருப்பி அனுப்ப வேண்டும். தடிமனான புல்லின் இரு பக்கங்களில் நிற்கும் இருவரும் ஒருவரையொருவர் பார்க்க முடியாது. குரலை மட்டும் நம்பி வேலை நடக்கிறது. பிரித்த பழம்புல் வீணாவதில்லை, வயலுக்கு உரமாகிறது. வீட்டின் நடுவே தரைக்குழியில் எரியும் அடுப்பின் புகை மேலேறிப் புல்லைப் பூச்சியிலிருந்தும் ஈரத்திலிருந்தும் காப்பதால், அடுப்பு அணையாத வீட்டின் கூரை கூடுதலாக நிலைக்கும். அப்படியும் முப்பது நாற்பது ஆண்டுகளில் அதைப் பிரித்தே ஆக வேண்டும்.

இந்தக் கூட்டுழைப்பு முறைக்கு ‘யூயி’ என்று பெயர். கூலி கிடையாது, இன்னார் வீட்டிலிருந்து இத்தனை பேர் வந்தார்கள், இத்தனை கட்டுப் புல்லும் இவ்வளவு கயிறும் அரிசியும் கொடுத்தார்கள் என்று ஏட்டில் குறித்துவைத்து, அந்த வீட்டின் முறை வரும்போது அதே அளவைத் திருப்பிச் செய்ய வேண்டும். தமிழ்நாட்டு விசேஷ வீடுகளில் எழுதப்படும் மொய் நோட்டு இதற்கு நெருங்கிய உறவு. ஆனால் கால அளவு வேறு. நாற்பது வீடுகள் உள்ள ஊரில் ஒவ்வொரு கூரையும் நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை மாற்றப்படுவதாகக் கொண்டால், ஒரு வீட்டார் 39 முறை பிறர் கூரையில் ஏறிய பிறகே தம் கூரைக்கு ஆள் திரளக் காண்பார்கள். இருபது வயதில் அண்டை வீட்டுக் கூரையில் புல் சுமந்தவர் அதன் பலனைக் காணாமலே இறந்திருக்கலாம். அவர் கொடுத்த உழைப்பை அவருடைய பேரன் பெற்றுக்கொள்வான், அதுவும் உழைப்பைப் பெற்றவரிடமிருந்து அன்று, அவருடைய பேரனிடமிருந்து. எனவே கணக்கு ஆளின் பெயரில் நிற்க முடியாமல் வீட்டின் பெயரில் நின்றது.

கிரேக்க மன்னன் மிலிந்தனுக்கும் நாகசேனர் என்ற பிக்குவுக்கும் நடந்த உரையாடலாக அமைந்த மிலிந்த பஞ்ஞா என்ற நூலில், இரவு முழுதும் எரியும் விளக்கின் முதற்சாமச் சுடரும் கடைச்சாமச் சுடரும் ஒன்றா வேறா என்ற கேள்வி எழுகிறது. ஒன்றும் அன்று, முற்றிலும் வேறும் அன்று, ஒன்றைச் சார்ந்து மற்றொன்று தொடர்கிறது என்பதே பௌத்தம் தரும் விடை. பௌத்தம் இதைச் சார்பில் தோன்றுதல் என்ற கோட்பாடாக விரிக்கிறது. மணிமேகலையின் முப்பதாம் காதை பன்னிரு சார்புகளாக விளக்குவதும் இதையே. எட்டு முறை கூரை மாறிய ஷிரகவா வீட்டுக்கு இந்த விடை அப்படியே பொருந்தும். புல் மாறிவிட்டது, வேய்ந்தவர் மாறிவிட்டார், கடன்பட்டவரும் கடன் கொடுத்தவரும் மாறிவிட்டார்கள். தொடர்ச்சி மட்டும் அறுபடவில்லை. அநித்தியத்தை உணர்ந்தவன் கூரைக்குச் செலவிட மாட்டான் என்ற முடிவு, தனித்து நிற்கும் ஓர் ஆளை முதலில் கற்பனை செய்துகொண்டு, அவன் பார்வையிலிருந்து மட்டும் வரவையும் செலவையும் எண்ணுவதால் வருவது. அப்படி ஓர் ஆள் இல்லை என்பதுதானே பௌத்தத்தின் அடிப்படையான வாதம்.

இப்பள்ளத்தாக்கின் சமயம் ஜோதோ ஷின்ஷூ, அதாவது ஷின்ரான் (1173–1263) தோற்றுவித்த தூயநிலப் பௌத்தப் பிரிவு. மனிதன் தன் முயற்சியால் விடுதலை பெற முடியாது, அமிதா புத்தரின் 48 சூளுரைகளில் வெளிப்பட்ட அருளே அவனை மீட்கிறது என்பது இதன் மையக் கருத்து. தன்முயற்சியை ஜிரிகி என்றும், அமிதாவின் ஆற்றலாகிய பிறராற்றலைத் தரிகி என்றும் இம்மரபு அழைக்கிறது. அமிதாவின் பெயரைச் சொல்வது அருளை வாங்கக் கொடுக்கும் விலையாகாது, பெற்ற அருளுக்கு நன்றியாக எழும் சொல் என்பதே ஷின்ரானின் போதனை. கோகயாமாவின் அகாவோ என்ற ஊரில் வாழ்ந்து 1516இல் மறைந்த தோஷூ என்ற எளிய பக்தர், ஷின்ஷூவின் பெருந்தலைவரான ரென்னியோவின் சீடர். அமிதாவின் சூளுரைகளை மறவாதிருக்க 48 விறகுக் கட்டைகளை அடுக்கி அவற்றின்மேல் படுத்துறங்கினார் என்று அவரைப் பற்றிச் சொல்லப்படுகிறது. திருப்பிச் செலுத்தவே முடியாத ஒரு கடனின்கீழ் வாழ்கிறோம் என்ற உணர்வு இம்மக்களின் எலும்பில் ஊறியிருந்தது. அதே மக்கள் ஒரு கட்டுப் புல்லையும் விடாமல் ஏட்டில் எழுதினார்கள் என்பது முரணாகத் தோன்றலாம். உண்மையில் அந்த ஏடு கடனைத் தீர்ப்பதற்காக இருந்ததைவிட, அதை மறவாதிருப்பதற்காகவே மிகுதியும் இருந்தது எனலாம். ஏனெனில் அந்தக் கணக்கு ஒருநாளும் முழுதாக நேராகிவிடாது, நேரானால் யூயியும் நின்றுவிடும்.

இவ்வளவோடு நிறுத்திவிட்டால் அது பாதி உண்மையைப் புகழ்வதாகிவிடும். ஷிரகவாவின் நககிரி என்ற பகுதியில், நிலம் துண்டுபடாமல் இருக்கவும் பட்டுத் தொழிலுக்கு ஆள் குறையாமல் இருக்கவும், மூத்த வாரிசுக்கு மட்டுமே முறையான திருமணம் அனுமதிக்கப்பட்டது. மற்ற மகன்களும் மகள்களும் பிறந்த வீட்டிலேயே வாழ்நாள் முழுதும் உழைத்தார்கள். ஆண் இரவில் வேறொரு வீட்டுப் பெண்ணிடம் சென்று வரலாம், பிறக்கும் குழந்தை தாயின் வீட்டில் வளரும், கணவனும் மனைவியுமாக ஒரு கூரையின்கீழ் வாழும் உரிமை அவர்களுக்கு இல்லை. இருபது, முப்பது பேர், சில வீடுகளில் அதற்கும் மேற்பட்டோர் அந்தப் பெருங்கூரைகளின்கீழ் வாழ்ந்ததன் பின்னணி இதுதான். வெளிநாட்டுப் பயணிகள் வியக்கும் அந்தக் கூரையின் உண்மையான விலையில், தமக்கென்று ஒரு வீடு இல்லாமல் பிறர் வீடுகளை வேய்ந்த இளைய மகன்களின் வாழ்வும் சேர்ந்திருக்கிறது. அவர்களுடைய பெயர் ஏட்டில் ஏறவில்லை, வீட்டின் பெயரே ஏறியது. தனித்த ஆள் இல்லை என்ற கோட்பாட்டைத் துறவி தன்மேல் ஏற்றுக்கொள்வது விடுதலை. ஒரு குடும்பம் தன் இளைய பிள்ளையின்மேல் அதைச் சுமத்துவது கொடுமை. தனியாளை மறந்த கூட்டுறவைத் தத்துவத்தின் பெயரால் போற்றுவோர் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டில் பட்டுத் தொழில் நலிந்தது. 1961இல் ஷோ ஆற்றில் கட்டி முடிக்கப்பட்ட மிபோரோ அணையின் நீரில் ஊர்கள் மூழ்கின. பல வீடுகள் விற்கப்பட்டு வேறிடங்களுக்குப் பெயர்க்கப்பட்டன, பல வீடுகளில் புல்லை நீக்கித் தகரம் போட்டார்கள். தகரம் போட்டவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆட்கள் நகரத்துக்குப் போய்விட்ட ஊரில் இருநூறு பேரைத் திரட்ட இயலாதபோது, புல்லின் விலை பணத்தில் எண்ணப்படத் தொடங்கியது, அந்தப் பணம் ஒரு குடும்பத்தால் தாங்கக் கூடியதாக இல்லை. 1971இல் ஓகிமாச்சி மக்கள் ஒன்றுகூடி, வீடுகளை விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை என்று உறுதி எடுத்தார்கள். 1976இல் அரசு அவ்வூரைப் பாதுகாக்கப்பட்ட மரபுக் கட்டடப் பகுதியாக ஏற்றது. இன்று ஒரு பெரிய கூரையைத் தொழில்முறை வேய்வோரைக் கொண்டு மாற்றினால் செலவு ஒரு கோடி யென்னைத் தாண்டிவிடும். அதில் பெரும்பகுதியை அரசு நிதி ஏற்கிறது.

அரசு நிதி புல்லுக்கும் கூலிக்கும் ஈடு செய்கிறது. விற்கவும் முடியாத, வாடகைக்கு விடவும் முடியாத வீட்டைத் தன் பிள்ளைக்கு விட்டுச்செல்பவர் கொடுக்கும் விலைக்கு எந்த நிதியும் ஈடில்லை. சொத்து என்ற சொல்லுக்குச் சட்டம் தரும் பொருளில் பாதி அவரிடமிருந்து போய்விட்டது, பேணும் கடமை மட்டும் முழுதாக அவரிடம் இருக்கிறது. அந்தப் பிள்ளை போக விரும்பினால் என்ன செய்வது என்பதே இன்றைய கேள்வி. நககிரியின் இளைய மகன்களுக்கு இழைத்ததை வேறு வடிவில் மீண்டும் இழைக்காமல் இருக்க வேண்டுமானால், போகும் உரிமையை அந்தப் பிள்ளைக்கு மனமார ஒப்புக்கொள்ள வேண்டும். ஷின்ரானின் போதனைப்படியும் வற்புறுத்திப் பெறும் நன்றி நன்றியாகாது. அப்படிப் போனவர்களின் இடத்தை யார் நிரப்புவார்கள் என்பதற்கு ஒரு தொடக்கமாவது கிடைத்திருக்கிறது. 2001இல் ஓகிமாச்சியில் நகாசே குடும்பத்தின் பெருங்கூரையை யூயி முறையில் மாற்றியபோது, ஊராரோடு வெளியூர்த் தொண்டர்களும் சேர்ந்து ஏறத்தாழ 500 பேர் உழைத்தார்கள். வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு அங்கே வேய்வதற்குக் கூரை இல்லை, ஏட்டில் திரும்பப் பெற வேண்டிய கணக்கும் இல்லை. பழைய யூயியின் கறாரான ஏட்டைவிட, திருப்பிப் பெறுதல் என்பதே இல்லாத அவர்களுடைய உழைப்பு, ஷின்ரான் சொன்ன நன்றிக்கு ஒருபடி நெருங்கி நிற்கிறது.